மாமரத்துப் புல்லுருவியில் மஞ்சள் நிறப் புழுக்கள் கூட்டமாக இருக்கின்றன, மருந்து அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். புழு எந்த இலையைத் தின்கிறது என்று பார்க்கும்வரையாவது கையைக் கட்டிக்கொண்டிருங்கள். நான் பார்க்காமல் அடித்தவன், அதனால்தான் இத்தனை அவசரமாகப் பதில் எழுதுகிறேன்.

காவேரிப்பட்டினம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா ரகம், வரப்போரம் நான்கு செந்தூரா மரங்கள். ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த முதல் வருடம், ஐப்பசியில், ஒரு செந்தூராக் கிளையில் ஏறத்தாழ இருபது புழுக்களைக் கண்டேன். மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பு, கறுத்த தலை, மேலெல்லாம் நீண்ட வெள்ளை மயிர். ஒரே இலையின் விளிம்பில் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாகத் தின்றுகொண்டிருந்தன. போனில் படம் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, ஒரு பாட்டிலை எடுத்து வைத்துவிட்டார். மரம் நனைய நனைய அடித்தேன். புழுக்கள் நூல் விட்டுத் தொங்கி, ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. சாதித்துவிட்ட நினைப்பு எனக்கு.

மறுநாள் பெரியப்பா வந்தார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஒரே ஒரு மாவிலையில் கடித்த இடத்தைக் காட்டுடா பார்ப்போம்" என்றார். தேடினேன், இல்லை. குதறிக் கிடந்ததெல்லாம் தடித்த புல்லுருவி இலைகள். மரத்தை உறிஞ்சுகிறவனைத் தின்ன வந்தவர்களை நான் காசு கொடுத்துக் கொன்றிருக்கிறேன்.

அவை ஆங்கிலத்தில் காமன் ஜெஸபெல் எனப்படும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். உங்கள் மரத்தில் இருப்பவையும் அவையாகத்தான் இருக்க வேண்டும். சிறகை விரித்தால் வெள்ளையில் கறுப்பு நரம்பு, அவ்வளவுதான். மூடினால்தான் வேடிக்கை: பின்சிறகின் அடிப்பக்கம் பளிச்சென்ற மஞ்சள், ஓரத்தில் குங்குமம் தொட்டு வைத்தது போலச் சிவப்புப் பொட்டுகள். இவ்வளவு பகட்டிக்கொண்டும் பறவைகள் கொத்துவதில்லை. புல்லுருவியைத் தின்று வளர்ந்த உடம்பு அவற்றுக்குக் கசக்கும், அந்த நிறமே எச்சரிக்கைப் பலகை. பெரும்பாலும் மர உச்சியிலேயே பறக்கும், பூவில் தேன் குடிக்கத்தான் கீழே இறங்கும். பெண்பூச்சி புல்லுருவி இலையின் அடியில் மஞ்சள் முட்டைகளைக் கும்பலாக, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு வைக்கும்.

உடனே சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். புல்லுருவியை வளர்க்கச் சொல்லவில்லை ஐயா. புழு இலையைத்தான் தின்னும், கிளைக்குள் இறங்கிய வேர் மறுபடி துளிர்க்கும். புல்லுருவி பிடித்த கிளையை, பிடித்த இடத்துக்குக் கீழே சேர்த்து வெட்டத்தான் வேண்டும். பழுக்க விட்டால் பூக்கொத்திக் குருவி அந்தப் பிசின் விதையை அடுத்த மரத்தில் தேய்த்துவிட்டுப் போகும். நான் பூச்சியியல் படித்தவனுமல்ல. என் தோப்பில் கண்டதைச் சொல்கிறேன்.

மாமரத்துக்கு உண்மையான புல்லுருவி எது என்று கேட்டால் வேறு பதில் வைத்திருக்கிறேன். பெங்களூரா லோடு ஏற்றிக்கொண்டு மாம்பழக் கூழ் ஆலை வாசலில் இரவெல்லாம் நின்று பாருங்கள். எடையில் ஒரு கழிவு, காயில் ஒரு குறை. காலையில் சொல்லும் விலை பறிகூலிக்கே போதாது. அதற்கு அடிக்க எந்தக் கடையிலும் மருந்து இல்லை. சரி, நீங்கள் கேட்டது அதுவல்ல.

இப்போது மாமரங்களில் புல்லுருவியை வெட்டிவிடுகிறேன். கிணற்றோரப் புங்கனில் இருக்கும் ஒரு கொத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். போன வாரம் அதன் பக்கத்துக் கிளையில் கரும்புள்ளி போட்ட மஞ்சள் கூட்டுப்புழுக்கள் ஏழு தொங்கின. பெரியப்பா தினமும் வந்து எண்ணிவிட்டுப் போகிறார். இன்று காலை ஐந்துதான் என்றார், இரண்டு வெறுங்கூடு.