குழந்தைப் பருவ வலிப்பு நோயும் மரபணுவும்: இங்ரிட் ஷெஃபரின் ஆய்வுகள் பற்றிய கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை நரம்பியல் மருத்துவர் இங்ரிட் ஷெஃபரின் ஆய்வுகள் குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி: இவருடைய ஆய்வின் தாக்கத்தை எதைக் கொண்டு அளப்பது? விருதுகளைக் கொண்டா?

விருதுகளுக்குக் குறைவில்லை. 2012இல் பெண் அறிவியலாளர்களுக்கான லோரியல்–யுனெஸ்கோ விருதும், 2014இல் தன் சக ஆய்வாளரான நரம்பியல் மருத்துவர் சாமுவேல் பெர்கோவிச்சுடன் இணைந்து ஆஸ்திரேலியப் பிரதமரின் அறிவியல் பரிசும் பெற்றார். ஆனால் மருந்துச் சீட்டில் எந்த மருந்து எழுதப்படாமல் விடப்படுகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். அதை நான்காம் கேள்வியில் விளக்குகிறேன்.

கேள்வி: ஒரே குடும்பத்தில் ஒருவருக்குக் காய்ச்சலின்போது மட்டும் வலிப்பு, இன்னொருவருக்குக் கடுமையான வலிப்பு நோய். இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க முடியுமா?

முடியும். ஷெஃபரும் பெர்கோவிச்சும் 1997இல் விவரித்த நோய்த்தொகுதி (ஒன்றாகச் சேர்ந்து வரும் அறிகுறிகளின் கூட்டம்) இதைத்தான் சொல்கிறது. ஒரு பெரிய குடும்பத்தில் பலருக்குச் சாதாரணக் காய்ச்சல் வலிப்பும், சிலருக்கு ஆறு வயதைத் தாண்டியும் தொடரும் காய்ச்சல் வலிப்பும், வேறு சிலருக்குக் காய்ச்சலின்றியே வரும் பல வகை வலிப்புகளும் இருந்தன. அவற்றைத் தனித்தனி நோய்களாகப் பிரிக்காமல், ஒரே மரபுக் காரணத்தின் மென்மையான வடிவமும் கடுமையான வடிவமும் என்று அவர்கள் கண்டனர். அடுத்த ஆண்டே, நரம்பணுவின் சோடியம் கால்வாயை (மின்குறிப்பு உண்டாகும்படி சோடியம் அயனிகளை உள்ளே விடும் வாயிலை) சேர்ந்த எஸ்சிஎன்1பி என்னும் மரபணுவின் மாற்றம் இத்தகைய ஒரு குடும்பத்தில் கண்டறியப்பட்டது. பாட்டி முதல் பேரன் வரை ஒவ்வொருவரிடமும் வலிப்பு எப்படித் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று பொறுமையாகக் கேட்டு எழுதியதுதான் இதில் முதல் வேலை. ஆய்வகம் அதன் பிறகே வந்தது. இந்த வரிசையை இன்று பலர் மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

கேள்வி: தடுப்பூசி போட்ட மறுநாள் வலிப்பு வந்து, பிறகு குழந்தையின் வளர்ச்சியே பாதிக்கப்பட்டால், தடுப்பூசியைச் சந்தேகிப்பது தவறா ஐயா?

பெற்றோரின் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கண் முன்னே அடுத்தடுத்து நடந்ததைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். ஆனால், தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரை பெர்கோவிச், ஷெஃபர் உள்ளிட்ட குழுவினர் ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையில், 11 பேரிடம் அதே சோடியம் கால்வாயைச் சார்ந்த எஸ்சிஎன்1ஏ என்னும் இன்னொரு மரபணுவில் மாற்றம் இருந்தது. அவர்களுக்கு இருந்தது பெரும்பாலும் டிராவே நோய்த்தொகுதி. அது ஆரோக்கியமாகத் தோன்றும் குழந்தைக்கு முதல் ஆண்டிலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு தொடங்கும் நோய். தடுப்பூசிக்குப் பின் வரும் காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்கூட்டியே வரவழைக்கலாம்; ஆனால் நோய்க்குக் காரணம் கருவிலேயே அமைந்துவிட்ட மரபணு மாற்றம். ‘ஊசி போட அழைத்துச் சென்றது நான்தானே’ என்று ஆண்டுக்கணக்கில் தன்னையே நொந்துகொண்ட ஒரு தாய்க்கு, இந்த விடை எந்த மருந்தாலும் தர முடியாத ஒன்றைத் தந்தது.

கேள்வி: மரபணுவைக் கண்டறிந்தால் சிகிச்சை மாறுமா?

சில நோய்களில் தலைகீழாகவே மாறும். டிராவே நோயில் எஸ்சிஎன்1ஏ மாற்றத்தால் சோடியம் கால்வாய்களின் செயல் குறைகிறது. மூளையின் மிகைத்தூண்டலை அடக்கும் நரம்பணுக்களே இதனால் முதன்மையாக வலுவிழக்கின்றன. ஆகவே, சோடியம் கால்வாயை மேலும் அடைக்கும் கார்பமசெபின், லாமோட்ரிஜின் போன்ற வலிப்பு மருந்துகள் வலிப்பை அதிகமாக்கக்கூடும். எஸ்சிஎன்8ஏ என்னும் வேறொரு சோடியம் கால்வாய் மரபணுவின் மாற்றத்தால் கால்வாய் அளவுக்கு மீறிச் செயல்படும் குழந்தைகளுக்கோ, இதே வகை மருந்துகள் நன்மை செய்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரு குழந்தைகளுக்கு எதிரெதிரான மருத்துவம்.

ஆனால் ஒவ்வொரு முறையும் இப்படிக் கைகூடுவதில்லை. பொட்டாசியம் கால்வாயைச் சேர்ந்த கேசிஎன்டி1 மரபணுவின் மாற்றத்துக்கு, இதயத் துடிப்புக் கோளாறுக்கான குயினிடின் என்னும் மருந்து உதவும் என்று ஆய்வகம் நம்பிக்கை தந்தது. நோயாளிகளிடம் சோதித்தபோது அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை.

கேள்வி: ஒரே ஒரு முறை காய்ச்சலோடு வலிப்பு வந்த குழந்தைக்கு மரபணுச் சோதனை தேவையா?

பொதுவாகத் தேவையில்லை. முதல் ஆண்டிலேயே நெடுநேரம் நீடிக்கும் வலிப்பு, உடலின் ஒரு பக்கம் மட்டும் இழுப்பது, மறுபடி மறுபடி வருவது ஆகியவை இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் இருவருக்கும் அந்த மாற்றம் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது. அடுத்த குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாமா?

பெரும்பாலும் அது குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய மாற்றமாக இருக்கும். மறுபடி நேரும் வாய்ப்பு குறைவு. ஆனால் ஷெஃபர் பங்கேற்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு, ‘புதிதாகத் தோன்றியது’ என்று முடிவுகட்டிய குடும்பங்களில் சிலவற்றில், தாய் அல்லது தந்தையின் உயிரணுக்களில் ஒரு சிறு பங்கில் மட்டும் அதே மாற்றம் மறைந்திருப்பதைக் காட்டியது. வழக்கமான சோதனை அதைத் தவறவிடலாம். அடுத்த கருவுக்கு முன், எவ்வளவு ஆழமான சோதனை செய்யப்பட்டது என்பதை மரபியல் ஆலோசகரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.