பழைய டாம் அண்ட் ஜெர்ரி உண்மையிலேயே சிறந்ததா, வெறும் சிறுவயது மயக்கமா?

மயக்கம் இல்லை. ஆனால் "பழையது" என்று மொத்தமாகச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். தொலைக்காட்சியில் எல்லாவற்றையும் கலந்து ஒளிபரப்புவதால், ஒரே ஆள் செய்தவை போலத் தோன்றுகின்றன. நீங்கள் மனத்தில் வைத்திருப்பவை பெரும்பாலும் 1940 முதல் 1958 வரை வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக இயக்கிய 114 குறும்படங்களாக இருக்கும். பிறகு 1960களின் தொடக்கத்தில் ஜீன் டைச் பிராக் நகரில் 13 படங்கள் எடுத்தார். அதற்குப் பின் சக் ஜோன்ஸ் பொறுப்பில் 34 வந்தன. படத் தொடக்கத்தில் வரும் பெயர்களைப் படித்தாலே எது யாருடையது என்று தெரிந்துவிடும்.

முதல் 114 படங்களும் குழந்தைகளுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. திரையரங்கில் செய்திப்படத்தோடு சேர்த்து, முக்கியப் படத்துக்கு முன் ஓட்டப்பட்டவை. அலுவலகம் முடிந்து வந்து உட்கார்ந்த பெரியவர்களையும் ஏழெட்டு நிமிடத்துக்குள் சிரிக்க வைத்தாக வேண்டும். ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்றால், ஏழு நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். ஒரே ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் அசைவுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் வரைய வேண்டும். வேலைப் பங்கீடும் தெளிவாக இருந்தது. நகைச்சுவையை யோசித்து வரைவது பார்பெரா. எந்த அடி எத்தனையாவது சட்டகத்தில் விழ வேண்டும் என்று நேரம் குறிப்பது ஹன்னா. டாமின் அந்தப் புகழ்பெற்ற அலறலும் ஹன்னாவின் தொண்டையிலிருந்து வந்ததே.

மூன்றாவது ஆளை யாரும் பேசுவதில்லை என்பது என் மனக்குறை. இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லி. பூனையும் எலியும் பேசுவது அபூர்வம் என்பதால் வசனத்தின் வேலையை இசையே செய்தது. 1944இல் வந்த 'புட்டின் ஆன் த டாக்' படத்தில், பொய் நாய்த்தலைக்குள் ஒளிந்துகொண்டு ஜெர்ரி ஓடும் இடத்தில், அன்றைய கச்சேரி ரசிகர்களே காதைப் பொத்திக்கொண்ட இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின், பன்னிரண்டு சுரங்களையும் சமமாக நடத்தும் பன்னிரு சுர முறையைக் கையாண்டிருக்கிறார். கார்ட்டூன் பார்க்க வந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்!

ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால் 'தி கேட் கான்செர்ட்டோ'வைப் பாருங்கள். டாம் கோட்டு போட்டுக்கொண்டு மேடைக்கு வந்து, மிகுந்த கர்வத்தோடு பியானோ முன் உட்கார்ந்து, இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் 'இரண்டாம் ஹங்கேரிய ராப்சடி' என்ற பியானோ இசையை வாசிக்கத் தொடங்குகிறது. பியானோவுக்குள் தந்திகளை அடிக்கும் சுத்தியல்களின் மேல் ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கிறது. இங்கே டாமின் விரல்களைக் கவனியுங்கள். ஏதோ ஆட்டினால் போதும் என்று வரையவில்லை. காதில் விழும் சுரத்துக்கு ஏற்ற இடத்தில்தான் விரல் இறங்குகிறது. கட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஜெர்ரி எலிப்பொறியை வைக்கிறது, விரல் மாட்டுகிறது, வலியிலும் தாளம் தப்பவில்லை. ரசிகர்கள் முன்னால் மானம் போகக்கூடாது என்ற ஒரே பயத்தில் டாம் வாசித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பயம்தான் படம். அடிதடி அதற்குப் பக்கவாத்தியம். இதற்கு ஆஸ்கார் கிடைத்தது. ஹன்னாவும் பார்பெராவும் எடுத்த டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் மொத்தம் ஏழு ஆஸ்கார்கள் வாங்கின. மேடையேறி வாங்கிக்கொண்டவர் தயாரிப்பாளர் ஃபிரெட் குவிம்பி!

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கறுப்பின வேலைக்காரப் பெண்ணைக் காட்டிய விதமும், வெடித்ததும் முகம் கறுத்துப்போவதை வைத்துச் செய்த கேலியும் இன்று முகம் சுளிக்க வைக்கின்றன. கடைசி சில ஆண்டுகளில் பின்னணி ஓவியங்களும் சப்பையாகிவிட்டன.

ஏன் நின்றது என்றால், பணம். பழைய படங்களை மீண்டும் ஓட்டினாலே புதியவற்றுக்கு ஏறக்குறைய இணையாக வருமானம் வருகிறது என்று கணக்குப் பார்த்து 1957இல் எம்ஜிஎம் கார்ட்டூன் பிரிவை மூடியது. ஹன்னாவும் பார்பெராவும் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அங்கே கொடுத்த காசுக்குக் கதாபாத்திரங்களின் வாயும் கையும் மட்டும்தான் அசைய முடிந்தது. டைச்சைத் திட்டுபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்: அவருக்கும் பணம் சொற்பம்.

ஒரு கொசுறு. அதே லிஸ்ட் இசை, அதே பியானோ, அதே எலித் தொல்லையுடன் வார்னர் நிறுவனமும் 1946இல் 'ராப்சடி ராபிட்' எடுத்தது. வாசிப்பது பக்ஸ் பன்னி என்ற முயல். இயக்கம் ஃபிரிஸ் ஃபிரெலெங். யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அடுத்தடுத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். இருமிய ரசிகரை முயல் சுட்டுத்தள்ளும் இடத்தில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை என்றாலும், என் ஓட்டு டாமுக்கே. முயலுக்கோ, தோற்றுவிடுவோமோ என்ற கவலையே கிடையாது.