ஹோமோசிஸ்டீன் 28: ஃபோலிக் அமில மாத்திரை போதுமா?

கேள்வி: எனக்கு வயது 48. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கொழுப்புக்கு ஸ்டாட்டினும் சாப்பிடுகிறேன். இப்போது ஹோமோசிஸ்டீன் 28 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஃபோலிக் அமிலம் சாப்பிட்டு அதைக் குறைத்துவிட்டால் மாரடைப்பு வராது, ஸ்டாட்டினை நிறுத்திவிடலாம் என்கிறார் நண்பர். நிறுத்தலாமா?

பதில்: ஸ்டாட்டினைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் உடலில் செலவாகும்போது ஹோமோசிஸ்டீன் உண்டாகிறது. ஃபோலேட் (மாத்திரையில் ஃபோலிக் அமிலமாக வருவது), பி12, பி6 ஆகிய பி வைட்டமின்கள் அதை வேறு பொருளாக மாற்ற உதவுகின்றன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது ரத்தத்தில் தேங்கும். லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இயல்பு.

முதலில் 28 என்பது சரியான அளவுதானா என்று பாருங்கள். ரத்தம் எடுத்த சோதனைக் குழாய் மேசையில் கிடந்தால் சிவப்பணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்துகொண்டே இருக்கும். மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். 20 இருந்தது 28 ஆக நான்கு மணி நேரத் தாமதம் போதும். எடுத்ததும் ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதி) பிரிக்கும் லேபில் வெறும் வயிற்றில் மறுபடி பாருங்கள். கூடவே பி12, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), டி.எஸ்.எச். (தைராய்டுக்கு) மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

என் சந்தேகம் பி12 மேல்தான். மெட்ஃபார்மின் அது உடலில் சேருவதைக் குறைக்கும். அந்த நிலையில் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே போகும். பாதம் மரத்துப்போனால் 'சர்க்கரைதான் காரணம்' என்று விட்டுவிடுவார்கள், அதுதான் ஆபத்து. பி12 குறைவென்றால் தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை, மரத்துப்போதல் இருந்தால் ஊசி. ஃபோலிக் அமிலத்தை அதோடு சேர்த்தே எடுக்க வேண்டும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இதயத்துக்கு வருவோம். 2006-ல் வெளியான ஹோப்-2 ஆய்வில் 5,522 பேரில் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகள் பி வைட்டமின்களும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதத்தில் மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது. ஆகவே ஸ்டாட்டின், ரத்த அழுத்தம், சர்க்கரைக் கட்டுப்பாடு எதற்கும் இந்த மாத்திரை மாற்று ஆகாது. புகைப்பவரென்றால் அதை விடுங்கள். புகைத்தாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும்.

மாத்திரை தொடங்கி எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் மறுபரிசோதனை செய்யுங்கள். அப்போதும் 15-க்கு மேலேயே நின்றால் நீங்களாக மாத்திரை அளவைக் கூட்டாதீர்கள். சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு அதிக அளவு பி வைட்டமின்கள் கொடுத்த 2010-ம் ஆண்டு ஆய்வில், சிறுநீரகம் இன்னும் வேகமாகப் பழுதானது. கிரியாட்டினின் ரிப்போர்ட்டோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.