வியாழக்கிழமை வருபவர்கள்

அன்புள்ள அக்கா,

தம்பி லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுத்தபோது நான் பிணைக் கையெழுத்துப் போட்டேன். நான்கு தவணை கட்டவில்லை. இப்போது அவன் தொலைபேசியை நிறுத்திவிட்டான்; அழைப்பெல்லாம் எனக்குத்தான் வருகிறது. கோட்டையில் நான் வேலை செய்யும் இடத்துக்கும் எடுத்து என் மேலாளரிடம் பேசியிருக்கிறார்கள். போன வாரம் இரவு எட்டு மணிக்கு இரண்டு பேர் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். வருகிற வியாழக்கிழமையும் வருவார்களாம். கணவர் கட்டாரில் இருக்கிறார், அவருக்குச் சொல்லவில்லை. அம்மாவிடம், வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். முப்பதாயிரம் ரூபாய் முற்பணம் கொடுத்தால் பேசி முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? சிம்மை மாற்றிவிட்டால் நிம்மதி கிடைக்குமா? வெட்கத்தில் யாரிடமும் கேட்க முடியவில்லை.

பெயர் வேண்டாம், மட்டக்குளி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த மனிதருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சிம்மையும் மாற்றாதீர்கள். உங்களைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் கடன் குறையாது, வழக்கு மட்டும் நீங்கள் இல்லாமலே நடக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறங்கவிடாதது வேறொன்று. ‘வீடு மாறி வந்துவிட்டார்கள்.’ இதே பொய்யை என் அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார்.

1983 ஜூலையில் புறக்கோட்டையில் அப்பா வேலை செய்த துணிக்கடை எரிந்தது. அடுத்த வருடம் நடைபாதையில் சிறிதாகத் தொடங்க ஐயாயிரம் ரூபாய் வட்டிக்கு வாங்கினார். நூற்றுக்குப் பத்து, மாதத்துக்கு. கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயத்தின் மாலை மணி அடித்துச் சற்று நேரத்தில் வட்டிக்காரர் எங்கள் வாசலில் நிற்பார். அம்மா ஐம்பது ரூபாயை நீட்டுவார். அவர் எண்ணிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார். பற்றுச்சீட்டு கிடையாது. கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. கேட்டால் நம்பவில்லை என்றாகிவிடுமாம். ஆனால் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில், சேலைகளுக்குப் பின்னால், ஒவ்வொரு ஐம்பதுக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வந்தார். அப்பாவுக்குக்கூட அது தெரியாது.

ஒரு நாள் காசு இருக்கவில்லை. வட்டிக்காரர் தெரு கேட்கக் கத்தினார். மேல்வீட்டு மாமி இறங்கி வந்தார். தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதிர்த்துக் கத்தவில்லை, சமாதானமும் பேசவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்துவந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திகதி எழுதினார். சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்து நேரம் எழுதினார். பிறகு, “தம்பி, இப்போது என்ன சொன்னீர்கள்? மெதுவாகச் சொல்லுங்கள், எழுதுகிறேன்” என்றார். அந்த மனிதரின் குரல் அப்படியே இறங்கியதை நான் கேட்டேன். எனக்குப் பத்து வயது.

அன்றிரவு இரண்டு பெண்களும் அலுமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கோடுகளை எண்ணினார்கள். நூற்று முப்பத்தொன்று. ஆறாயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய் போயிருந்தது. ஐயாயிரம் அப்படியே நின்றது. மாமி எல்லாவற்றையும் கொப்பியில் ஏற்றி, மறுநாள் வட்டிக்காரரிடம் கணக்குச் சரி என்று கையெழுத்துப் போடும்படி நீட்டினார். அவர் போட மறுத்தார். அப்போதுதான் மாமி, வட்டிக்கு விடுபவர் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று 1918ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது, வட்டி மிஞ்சிப் போனால் நீதிமன்றம் கணக்கைத் திறந்து பார்க்கும் என்று, பாடசாலைப் பாடம் போல நிதானமாகச் சொன்னார். இரண்டு வாரத்தில் இரண்டாயிரம் ரூபாயோடு கதை முடிந்தது. முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது.

உதவி என்று நீங்கள் கேட்பதில் முதலாவது இதுதான், தங்கையே: பக்கத்தில் ஒரு ஆள், மடியில் ஒரு கொப்பி. யார் வந்தார், பெயர் என்ன, எந்த நிறுவனம், அடையாள அட்டை காட்டினாரா, எத்தனை மணி, என்ன சொன்னார். அலுவலகத்துக்கு எடுத்த அழைப்பையும் திகதியோடு எழுதுங்கள். கையில் காசு கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் கணக்கில் கட்டி, பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். ‘இவ்வளவுதான் இப்போது முடியும், தவணையை மாற்றித் தாருங்கள்’ என்பதையும் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். வாயால் பேசியது எதுவும் நாளைக்கு உங்கள் பக்கம் நிற்காது.

கந்தோர்களெல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறைப்பாடு. அது சரிவராவிட்டால் மத்திய வங்கியில் நிதி நுகர்வோருக்கான திணைக்களம் இருக்கிறது, 1935 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். கொழும்பு வஜிர வீதியில், நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், கட்டணம் இல்லை. நீதிமன்றக் கடிதம் வந்தால் தாமதிக்காமல் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது அது. எங்கே போனாலும் கொப்பியோடு போங்கள். தமிழில் எழுதுங்கள், அரச கந்தோருக்குத் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எந்தத் தாளை நீட்டினாலும் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் வாசிப்பித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

பிணை நின்றவர் நீங்கள். கடனை உங்களிடம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, அதை மறுக்க நான் வரவில்லை. உங்கள் மேலாளரிடம் கேட்க உரிமை இல்லை. பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று மிரட்டினால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தவணை கட்டாதது மட்டும் குற்றமாகாது. காசோலை ஏதாவது கொடுத்திருந்தால் அது வேறு விடயம், அதை ஒளிக்காமல் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

வெட்கம் என்கிறீர்கள். இந்த நாடே 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அடுத்த மாதமே லசார்ட் என்ற நிதி ஆலோசனை நிறுவனத்தையும் கிளிஃபர்ட் சான்ஸ் என்ற சட்ட நிறுவனத்தையும் துணைக்கு அமர்த்திக்கொண்டுதான் கடன் கொடுத்தவர்களோடு பேசப் போனது. ஒரு நாடு தனியாகப் போய் உட்காராத மேசைக்கு நீங்கள் தனியாகப் போகிறீர்கள்.

இனித் திட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கணவருக்குச் சொல்லாமல் எதைக் காப்பாற்றுகிறீர்கள்? அவர் அனுப்பும் காசிலிருந்துதானே தவணை போகப் போகிறது? இரவு எட்டு மணிக்கு வாசலில் கத்துகிறவர்களுக்கு இருக்கும் பலமெல்லாம், உள்ளே யாருக்கும் தெரியாது என்பதில்தான் இருக்கிறது. என் அம்மா அந்தக் கோடுகளை ஒளித்து வைத்திருந்த காலம் முழுவதும், அந்த ஒரு நாளைத் தவிர, வட்டிக்காரர் கத்தத் தேவையே இருக்கவில்லை. அவருக்காகக் காவல் காத்தது அம்மாவின் வாய்தான். உங்கள் அம்மா பாவம் என்று நினைக்காதீர்கள். அவரிடம் இன்றே சொல்லுங்கள். ஒருவேளை அவரிடமும் ஒரு அலுமாரிக் கதவு இருக்கும்.

அப்புறம் உங்கள் தம்பி. ஒரு பக்கக் கடிதத்தில் அவர் ஒரே வரியில் வந்து, தொலைபேசியை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும், தங்கையே. தெரியாத அக்கா இப்படி எழுதமாட்டாள். வியாழக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. கொப்பியை நீங்கள் வாங்குங்கள். எழுத அவர் வரட்டும். அந்த நாற்காலியில் உங்களுக்குப் பக்கத்தில் அவர்தான் உட்கார வேண்டும்.

வெள்ளிக்கிழமை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா