அமைச்சரின் மடலும் அரசின் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

(சட்டப்பேரவையின் நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடர் 2025 ஏப்ரல் 29 அன்று நிறைவடைந்தது. தொகுதி மக்களுக்கு அமைச்சர்கள் அனுப்பும் மடல்கள், பேசும் கூட்டங்கள், அவற்றில் வரும் தொகைகள் பற்றியே இம்முறை கேள்விகள் மிகுதியாக வந்திருப்பதால், இந்த இதழில் பிற பொருள்களை ஒத்தி வைத்திருக்கிறோம்.)

எங்கள் தொகுதியில் வென்றவர் அமைச்சராக இருக்கிறார். வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட அவருடைய மடலில், நான்கு ஆண்டுகளில் தொகுதிக்குப் பல நூறு கோடி ரூபாய் கொண்டுவந்ததாக அச்சிட்டிருக்கிறார்கள். இதை நம்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

கூட்டல் சரியாகவே இருக்கக்கூடும். எவற்றையெல்லாம் சேர்த்துக் கூட்டினார்கள் என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2025 தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் சுமார் 1 கோடியே 15 லட்சம் பேர் மாதம் 1,000 ரூபாய் பெற்றுவந்தார்கள். 234 தொகுதிகளுக்கும் சராசரியாகப் பிரித்தால், ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 49,000 பேர் வருவர். அதாவது ஆண்டுக்கு 59 கோடி ரூபாய். எதிர்க்கட்சி உறுப்பினரின் தொகுதிக்கும் முதல்முறை வென்றவரின் தொகுதிக்கும் இந்தப் பணம் இதே அளவில்தான் போகிறது. இதனுடன் முதியோர் ஓய்வூதியம், காலை உணவு, கல்லூரி மாணவியருக்கான புதுமைப் பெண் உதவித்தொகை, கூட்டுறவுக் கடன் தள்ளுபடி ஆகியவற்றையும் சேர்த்துவிட்டால், சட்டப்பேரவை உறுப்பினர் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தாலும் மடலில் நூறு கோடியைக் காட்டிவிடலாம்.

உறுப்பினர் தாமே பணிகளைத் தேர்ந்தெடுத்துச் செலவிடக்கூடிய தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்தான். அதற்கும் பல நூறு கோடிக்கும் இடைப்பட்டதில், அமைச்சர் என்பதால் கிடைத்தவை சில இருக்கும்: ஒரு புறவழிச்சாலை, ஓர் அரசுக் கலைக் கல்லூரி, தரம் உயர்த்தப்பட்ட மருத்துவமனை. அவை உண்மையிலேயே அவருடைய கணக்கில் வரவு வைக்க வேண்டியவை. அண்டைத் தொகுதிக்கு வராமல் உங்கள் தொகுதிக்கு மட்டும் வந்தவை எவை என்று பிரித்துப் பார்த்தால் உண்மையான பட்டியல் கிடைத்துவிடும். மற்றொன்றும் உண்டு. 2022 ஆகஸ்டில், ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்தின்கீழ், தொகுதியின் முதன்மையான பத்துத் தேவைகளைப் பட்டியலிட்டுத் தருமாறு எல்லா உறுப்பினர்களுக்கும் முதலமைச்சர் கடிதம் எழுதினார். உங்கள் தொகுதிக்காகக் கொடுக்கப்பட்ட அந்தப் பத்து எவை, அவற்றில் முடிந்தவை எத்தனை என்பதை அடுத்த கூட்டத்தில் அவரிடமே கேளுங்கள்.

‘அறிவித்துவிட்டோம்’, ‘நிதி ஒதுக்கிவிட்டோம்’, ‘அரசாணை வெளியிட்டுவிட்டோம்’ என்று ஒரே திட்டத்தைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றா?
– வாசகர், கோவில்பட்டி

ஒன்றல்ல. ஒன்றிற்கும் அடுத்ததற்கும் இடையே சில வாரங்களும் ஆகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம்.

நிதியமைச்சர் பேரவையில் படிக்கும் உரை அரசின் விருப்பத்தைத்தான் சொல்கிறது. அதன்பின் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள், அதாவது இந்தத் துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்ற கோரிக்கைகள், வைக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டு, வாக்கெடுப்புக்கு விடப்படும். அந்நேரத்தில் ஒவ்வொரு அமைச்சரும் தம் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை அவையில் வைத்து, புதிய அறிவிப்புகளையும் வெளியிடுவார். எல்லாக் கோரிக்கைகளும் நிறைவேறிய பிறகு நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வரும். அது சட்டமாகாமல் மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து (அரசின் பொதுக் கருவூலத்திலிருந்து) பணம் எடுக்கக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 204ஆவது பிரிவு. இவ்வளவும் முடிந்தாலும், எந்தத் திட்டம், எத்தனை பயனாளிகள், எந்தக் கணக்குத் தலைப்பு, பொறுப்பான அலுவலர் யார் என்று அரசாணை சொல்லாதவரை மாவட்டத்தில் ஒரு கோப்பும் நகராது. அரசாணைக்குப் பின் ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, பட்டியல் தொகை வழங்கல் என்று இன்னொரு நெடும்பாதை இருக்கிறது.

இந்தப் பாதை விரைவாகக் கடக்கப்பட்டதற்கும் சான்று உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 மே 7 அன்று பேரவையில் அறிவிக்கப்பட்டது. 1,545 தொடக்கப் பள்ளிகளில் 1,14,095 மாணவர்களுக்கு 33.56 கோடி ரூபாய் என்று ஜூலை 27 அன்று அரசாணை வந்தது. செப்டம்பர் 15 அன்று மதுரையில் குழந்தைகள் தட்டின் முன் அமர்ந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 17.53 லட்சம் மாணவர்களுக்கு 600 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அரசு மனம் வைத்தால் நான்கு மாதம் போதும் என்பது இதனால் விளங்குவதால், மூன்றாண்டுகளாக ‘பரிசீலனையில் உள்ளது’ என்று சொல்லப்படும் பாலத்தைப் பற்றி உங்களுக்கு எழும் ஐயம் நியாயமானதே.

ஆகவே, ஒரு திட்டம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அரசாணை எண்ணையும் நாளையும் கேளுங்கள். இருந்தால் உடனே சொல்லிவிடுவார்கள்.

மகளிர் உரிமைத் தொகைக்கு 2023இல் விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. விடுபட்டவர்களுக்கு மறுவாய்ப்பு உண்டு என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள். நம்பிக் காத்திருக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

காத்திருக்கலாம் அம்மா, ஆனால் கணக்கையும் பார்த்துக்கொண்டே காத்திருங்கள்.

இத்திட்டத்தின் வரலாற்றில் ஒதுக்கீட்டுத் தொகை எப்போதும் உண்மையை முன்கூட்டியே சொல்லி வந்திருக்கிறது. 2021 தேர்தல் வாக்குறுதியைக் கேட்டவர்கள் எல்லாக் குடும்பத் தலைவிகளுக்கும் கிடைக்கும் என்றே எண்ணினார்கள். 2023 மார்ச் 20 அன்று, அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், தகுதி வாய்ந்தவர்களுக்குச் செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் என்றும் அதற்கு 7,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது என்றும் அறிவித்தார். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஏழு மாதம்; ஒருவருக்கு 7,000 ரூபாய்; எனவே 7,000 கோடி என்பது சரியாக ஒரு கோடிப் பேருக்குத்தான் போதும். மாநிலத்தில் குடும்ப அட்டைகளோ 2 கோடிக்கு மேல். பாதிக்கு மேற்பட்டோருக்குக் கிடைக்காது என்பது தகுதி விதிகள் வெளிவருமுன்னரே அந்த ஒரு வகுத்தலில் தெரிந்திருந்தது. பின்னர் விதிகள் வந்தன: ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், சொந்தக் கார் கூடாது, வருமான வரி செலுத்துவோர் கூடாது. ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்களில் 1.06 கோடி தேர்வாயின.

இப்போது 2025-26க்கு வருவோம். 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு இத்திட்டத்துக்கு ஒதுக்கியது 13,807 கோடி ரூபாய். அப்போது பெற்றுவந்த 1.15 கோடிப் பேருக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு வேண்டியது 13,800 கோடி. புதியவர்களுக்கென மிஞ்சுவது மிகச் சொற்பம். பத்து லட்சம் பேரைப் புதிதாகச் சேர்த்தால் முழு ஆண்டுக்கு 1,200 கோடி கூடுதலாக வேண்டும். அதற்குத் துணை மதிப்பீடுகளைப் பேரவையில் வைத்து அரசு பணம் கேட்டுப் பெறலாம். தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் அது நடவாது என்று சொல்ல மாட்டேன். உங்கள் விண்ணப்பம் எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது என்பதை முதலில் இ-சேவை மையத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பல வீடுகளில் மின் இணைப்பு கூட்டாக இருப்பதாலோ, விற்றுவிட்ட வாகனம் இன்னும் பழைய பெயரில் பதிவாகியிருப்பதாலோ தகுதி போயிருக்கலாம். அவ்வாறு இருந்தால், மறுவாய்ப்பு வருவதற்குள் அதைச் சரிசெய்துவிடுவது நல்லது.

மாநிலம் வேகமாக வளர்கிறது என்று அமைச்சர் சொல்கிறார். ஒன்பது லட்சம் கோடி கடன் என்று எதிர்க்கட்சியினர் சொல்கிறார்கள். யார் சொல்வது உண்மை?
– கல்லூரி மாணவர், திருச்சிராப்பள்ளி

இருவர் சொல்வதும் உண்மை. 2024-25இல் மாநிலத்தின் வளர்ச்சி, 2025 தொடக்கத்தில் வெளியான முன்மதிப்பீட்டின்படி, 9.69 விழுக்காடு. 2026 மார்ச் 31 அன்று நிலுவைக் கடன் 9,29,959 கோடி ரூபாயாக இருக்கும் என்பது 2025-26 நிதிநிலை அறிக்கையே தந்த மதிப்பீடு. மாநில உற்பத்தி மதிப்பில் அது ஏறத்தாழ 26 விழுக்காடு.

இரு தரப்பும் உரக்கப் பேசாத எண் வேறொன்று உண்டு. 2025-26க்கான நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி. அதனுள் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. பற்றாக்குறையை நிரப்ப வாங்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 39 ரூபாய், சாலைக்கும் அணைக்கும் போகாமல், சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்ற அன்றாடச் செலவுக்கே போகிறது. கடனின் மொத்தத் தொகையைவிட எனக்குக் கவலை தருவது இந்தப் பங்குதான். 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று கணக்கிட்டுக் காட்டியதும் அவ்வாண்டு ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசுதான். அதே வகுத்தலை மேற்சொன்ன கடனுக்குச் செய்தால் 4 லட்சத்தைத் தாண்டும். தலைக்கு இவ்வளவு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் கணக்கு அச்சமூட்டப் பயன்படுமேயன்றி நிதிநிலையை விளக்கப் பயன்படாது என்பது என் கருத்து. ஆனால் ஆட்சிக்கு வந்ததும் அதைக் கையிலெடுத்தவர்கள் இப்போது அடுத்தவர் சொன்னால் கோபித்துக்கொள்வது பொருந்தாது.

எனக்கு வரும் முதியோர் ஓய்வூதியம் மாநில அரசின் பணமா, ஒன்றிய அரசின் பணமா? இரு கட்சியினரும் தங்கள் பணம் என்கிறார்கள். நூறு நாள் வேலைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
– மூத்த குடிமகன், செஞ்சி

ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. நீங்கள் ஒன்றிய அரசின் திட்டத்தின்கீழ் வருபவராக இருந்தால், அதில் 200 ரூபாய் ஒன்றிய அரசின் பங்கு. எண்பது வயதைக் கடந்தவருக்கு 500 ரூபாய். மீதம் மாநில அரசுடையது. மாநிலம் தன் நிதியிலேயே நடத்தும் திட்டத்தில் சேர்ந்தவருக்கு முழுத்தொகையும் மாநிலத்துடையது.

நூறு நாள் வேலையில், 2025இல் இருந்த விதிப்படி, நிலைமை நேர்மாறானது. உடலுழைப்புக் கூலி முழுவதும் ஒன்றிய அரசு தர வேண்டியதாக இருந்தது. தமிழ்நாட்டுக்கு 2025 ஏப்ரல் முதல் நாளொன்றுக்கு 336 ரூபாய் என்று இருந்தது. பொருட்செலவில் மட்டும் மாநிலம் நான்கில் ஒரு பங்கு தந்தது. 2025 மார்ச்சில் கூலி நிலுவை 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசு முறையிட்டபோது, வேலை செய்த பெண்கள் ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டதில் பயன் இருந்திருக்காது. ஊராட்சிச் செயலரிடம் கொடுப்பதற்குப் பணமே வரவில்லை. அக்கேள்வியை உங்கள் மக்களவை உறுப்பினரிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் பெறும் சலுகை 2026 ஏப்ரலிலிருந்து என்று நிதிநிலை அறிக்கையில் சொன்னார்கள். இப்போது 2025 அக்டோபரிலிருந்து என்கிறார்கள். எது சரி?
– அரசுப் பள்ளி ஆசிரியர், நாமக்கல்

பிந்தையதே சரி. 2025 ஏப்ரல் 28 அன்று பேரவை விதி எண் 110இன்கீழ் முதலமைச்சர் அதை முன்னுக்குக் கொண்டுவந்தார். அவ்விதியின்கீழ் படிக்கப்படும் அறிக்கையின்மீது அவையில் விவாதம் கிடையாது. எந்தக் கட்சி ஆண்டாலும் முதலமைச்சர்களுக்கு அவ்விதி பிடித்துப்போவதற்கு அதுவே காரணம். பதினைந்து நாள் வரை சரண் செய்யலாம். விரிவான நெறிமுறைக்கு, முன்சொன்னபடி, அரசாணையைப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் எண்களைச் சாதாரண மக்கள் எங்கே பார்ப்பது?
– வாசகி, கும்பகோணம்

நிதித்துறை வெளியிடும் மானியக் கோரிக்கை நூல்களிலும், துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளிலும் இருக்கின்றன. தமிழிலேயே, அரசின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மானியக் கோரிக்கை நூலில் ஒவ்வொரு செலவுக்கும் எதிரே நான்கு பத்திகள் இருக்கும். 2025-26க்கான நூலில் 2023-24இன் உண்மைக் கணக்கு, 2024-25இன் மதிப்பீடு, அதன் திருத்த மதிப்பீடு, 2025-26இன் மதிப்பீடு என்று வரிசை அமையும். மேடையில் பேசப்படுவது கடைசிப் பத்தி. நீங்கள் முதல் பத்தியைப் பாருங்கள். பணம் உண்மையில் செலவானது அங்கேதான் தெரியும். இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் இடையே தொகை பெரிதும் சுருங்கியிருந்தால், அத்திட்டம் ஏதோ ஓரிடத்தில் நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

உங்கள் ஊர்ப் பணியைப் பற்றிய விவரம் அந்த நூல்களில் இராது. அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கேள்வியைப் பொதுவாக எழுதாமல், பணியின் பெயர், அரசாணை எண், ஒதுக்கிய தொகை, இதுவரை வழங்கிய தொகை, முடிக்க வேண்டிய நாள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். சிற்றூர்வாசியாக இருந்தால் கிராம சபையிலும் கேட்கலாம். மே முதல் நாள் கூட்டத்துக்கு அடுத்தது ஆகஸ்ட் 15 அன்று நடக்கும். பட்டா, ஓய்வூதியம் தொடர்பான மனுக்களுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். வட்டாட்சியர் அலுவலகங்களில் ஆண்டுதோறும் ஜமாபந்தி (கிராமக் கணக்குகளைச் சரிபார்த்து மனுக்கள் வாங்கும் முகாம்) நடக்கும்; உங்கள் கிராமத்துக்குரிய நாளைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, மனுவின் நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை மறவாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.