மாமாவுக்கு டாக்டர் வேண்டும், பிள்ளைக்கு?

அக்கா, சுங்கை சிப்புட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய மகளின் உயிரியல் தாளைப் பார்த்தேன். மதிப்பெண் பரவாயில்லை. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது பெரிய மாமாவின் பேச்சுதான். அண்ணனின் இ.பி.எஃப். (ஓய்வுக்காலச் சேமநிதி) பணத்தை எடுத்துத் தனியார் கல்லூரியில் மருத்துவம் சேர்க்கச் சொல்கிறாராம். அதைத் தொடாதீர்கள். லட்சக்கணக்கான ரிங்கிட் போகும் படிப்பு. முடித்து வந்தாலும் 2016 கடைசியிலிருந்து அரசாங்கம் புது டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறது. அண்ணனின் கடைசிக் காலச் சோற்றுக்கு யார் பொறுப்பு?

பிள்ளையின் பரிசோதனைத் திட்டக் கேள்வியைப் பாருங்கள். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் நொதியை வெப்பநிலை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். மாவுச்சத்துக் கரைசலையும் உமிழ்நீரையும் தனித்தனிச் சோதனைக்குழாயில் ஐந்து நிமிடம் வெந்நீர்த் தொட்டியில் வைத்துவிட்டு அப்புறம் கலக்கச் சொல்கிறாள். இரண்டும் ஒரே சூட்டுக்கு வரவேண்டுமாம். டியூஷனில் மனப்பாடம் செய்தவர்கள் இதைத்தான் விடுவார்கள்.

கோட்டை விட்டது வேறு இடத்தில். 'வெப்பநிலை நொதியைப் பாதிக்கும்' என்பது கருதுகோள் ஆகாது. 37 டிகிரி வரை சூடு கூடக் கூட மாவுச்சத்து சிதையும் வேகமும் கூடும் என்று திசையைச் சொல்லவேண்டும். சார்பு மாறிக்கு, அதாவது அளக்கப்படும் விளைவுக்கு, 'நொதியின் செயல்' என்றால் போதாது. மாவுச்சத்து தீர்ந்து அயோடின் கருநீலமாவது நிற்க எவ்வளவு நேரம் என்று அளக்கக்கூடியதாக எழுதணும். மூன்று முறை செய்து சராசரி எடுப்பதையும் மறந்துவிட்டாள். இதற்கெல்லாம் டியூஷன் பேக்கேஜ் வேண்டாம்.

இந்தப் புத்திக்கு ஏற்ற படிப்பு மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம். மூன்று வருட டிப்ளோமா. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களிலேயே உண்டு. காலையில் நோயாளியின் ரத்தத்தைத் தொடுமுன், விடை தெரிந்த மாதிரி ஒன்றைக் கருவியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அது தப்பினால், கோளாற்றைச் சரிசெய்யும்வரை அந்தச் சோதனையின் முடிவு எதுவும் வெளியே போகாது. பிள்ளை தாளில் எழுதும் கட்டுப்பாட்டுச் சோதனைதான் அங்கே தினசரி வேலை. ரத்தம் ஏற்றுமுன் பொருத்தம் பார்ப்பது, சளியிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று சொல்வது, எல்லாம் இவர்கள் கையில். டாக்டரே இவர்கள் எழுதும் தாளுக்குத்தான் காத்திருப்பார். அமைச்சில் இடம் கிடைக்காமல் தனியாருக்குப் போனால், எம்.கியு.ஏ. (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரத்தைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

அண்ணனுடன் வாருங்கள், மாமா வந்தாலும் சரி. பிள்ளையை விட்டுவிட்டு மட்டும் வரவேண்டாம்.