சங்கத்து வெப்சைட்டையும் ஷீட்டையும் இணைக்க 65,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: மாசி வீதிகள் பக்கம் இருக்கிற எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் 600 சொச்சம் உறுப்பினர்கள். கடை பெயர், சரக்கு, போன் நம்பர் எல்லாம் தேடிப் பார்க்கிற மாதிரி ஒரு டைரக்டரி வெப்சைட் வைத்திருக்கிறோம். ஆனால் சந்தா, ரசீது நம்பர், விலகியவர்கள் விவரம் எல்லாம் ஆபீசில் கூகுள் ஷீட்டில்தான். சைட்டில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் ஆபீஸ் பையன் பார்த்துப் பார்த்து ஷீட்டில் அடிக்கிறான், ஷீட்டில் நம்பரை மாற்றினால் சைட்டில் பழசே நிற்கிறது. இரண்டையும் ஆட்டோமேஷனில் இணைத்துத் தர ஒரு கம்பெனி 65,000 ரூபாய் கேட்கிறது, அப்புறம் வருஷத்துக்கு 18,000. கொடுக்கலாமா?
– சங்கச் செயலாளர், மதுரை

பதில்: அண்ணே, தொகையைப் பிறகு பார்ப்போம், அவர்கள் கொடுத்த கொட்டேஷனில் தகவல் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகும் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் "இரு வழி இணைப்பு" என்று இரண்டு வார்த்தையில் முடித்திருப்பார்கள், பின்னால் தகராறு கிளம்புவது அங்கிருந்துதான். சைட்டில் ஒருவர் சேர்ந்ததும் ஷீட்டில் ஒரு வரி ஏற வேண்டும் என்றால் அது சின்ன வேலை, பழக்கப்பட்டவர் ஒரே நாளில் செய்துவிடுவார். இரண்டு பக்கமும் திருத்தலாம், இரண்டும் ஒன்றையொன்று பார்த்து மாறிக்கொள்ளும் என்றால் வேலை வேறு. சைட்டில் நடந்த மாற்றம் ஷீட்டுக்குப் போகும், ஷீட் மாறியதே என்று அது சைட்டுக்குத் திரும்பும், சைட் மாறியதே என்று மறுபடி ஷீட்டுக்கு வரும், கவனமில்லாமல் செய்துவிட்டால் ராத்திரி முழுக்க இதே சுற்று ஓடி, இணைப்புச் சேவையில் மாதத்துக்குக் கிடைக்கிற அளவைக் காலி செய்துவிடும்.

நான் சொல்வது, எந்த விவரத்துக்கு எது முதலாளி என்று கமிட்டியில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட்டு அப்புறம் கொட்டேஷன் கேளுங்கள். போன், முகவரி, சரக்கு விவரத்தை உறுப்பினரே சைட்டில் திருத்தட்டும், அது ஷீட்டுக்கு வரட்டும். சந்தா கட்டினாரா, உறுப்பினராக இருக்கிறாரா என்பதை ஆபீஸ் மட்டும் ஷீட்டில் மாற்றட்டும், அது சைட்டுக்குப் போகட்டும். ஒரு விவரத்தை ஒரே இடத்தில்தான் மாற்ற முடியும் என்று வைத்துவிட்டால் இரு வழி இணைப்பே தேவையில்லை, ஒரு வழிப் பாதை இரண்டு போதும், செலவும் கணிசமாகக் குறையும்.

அடுத்தது ஆளை அடையாளம் காண்பது. கீழமாசி வீதியில் கடை வைத்திருப்பவர் மாட்டுத்தாவணிக்கு மாறிவிட்டார், சைட்டில் முகவரியைத் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டில் அவருடைய வரி எது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? பெயரை வைத்துத் தேடினால் ஒரு இடத்தில் "எஸ். பாண்டி", இன்னொரு இடத்தில் "பாண்டி எஸ்", கடைப் பெயரில் மீனாட்சி, மீனாக்ஷி என்று இரண்டு எழுத்து. போன் நம்பரை வைத்துத் தேடினால் ஒருவர் +91 போட்டிருப்பார், ஒருவர் முன்னால் 0 போட்டிருப்பார், அதோடு சாதாரண செல்லில் அடித்தால் ஷீட் முன்னால் இருக்கிற பூஜ்ஜியத்தைத் தின்றுவிடும், நம்ம ஊர் 0452 லேண்ட்லைன் எல்லாம் 452 என்று நிற்கும். அந்த நெடுவரிசையை வெறும் டெக்ஸ்ட் என்று மாற்றி வைத்தால் இது சரியாகும், ஆனால் போனும் மாறக்கூடியதுதானே. சைட் ஒவ்வொரு உறுப்பினருக்கும் தானாகக் கொடுக்கிற ஐடி நம்பர் ஒன்று இருக்கும், அதை ஷீட்டில் தனி நெடுவரிசையாகப் போட்டு அதை வைத்துத்தான் தேட வேண்டும். இதைச் செய்யாத இணைப்பு ஒரே ஆளுக்கு மூன்று வரி போட்டு வைக்கும். கொட்டேஷன் கொடுத்தவரிடம் "எதை வைத்து மேட்ச் பண்ணுவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள், பதில் வரும் விதத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

ஷீட் வேண்டாம், ஏர்டேபிள் என்ற ஆன்லைன் டேட்டாபேஸ் சேவைக்கு மாறுங்கள் என்றும் சொல்வார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இலவசத் திட்டத்தில் ஒரு பேஸுக்கு (நம்ம ஷீட் ஃபைல் மாதிரி) 1,000 ரெக்கார்டு, அதாவது 1,000 வரி வரைதான், 600 உறுப்பினரோடு ரசீதுகளையும் அதிலேயே ஏற்றினால் அந்த வருஷமே நிரம்பிவிடும். உங்கள் அளவுக்கு ஷீட்டே தாராளம்.

சரி, மாதச் செலவு. நடுவில் உட்கார்ந்து தகவலைக் கடத்துகிற சேவைகளில் ஜாப்பியர், மேக், பேப்ளி கனெக்ட், ஜோஹோ ஃப்ளோ என்று நிறைய உண்டு, எல்லாம் செய்கிற வேலையின் எண்ணிக்கைக்குத்தான் காசு வாங்குகின்றன, ஆனால் எண்ணுகிற விதம் ஆளுக்கு ஆள் வேறு. ஜாப்பியரில் தொடக்கப் படிக்குக் காசில்லை, அதற்குப் பிறகு நடக்கிற ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க். ஒருவர் சந்தா கட்டியதும் ஷீட்டில் வரி, மெயிலில் ரசீது, வாட்ஸ்அப்பில் நன்றி என்றால் மூன்று. ஏப்ரலில் 600 பேரும் புதுப்பித்தால் அந்த ஒரு மாதத்தில் 1,800, மற்ற மாதங்களில் ஐம்பதைத் தாண்டாது. அந்த ஒரு மாதத்துக்காக வருஷம் முழுக்கப் பெரிய பிளானை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஏப்ரலுக்கு மட்டும் ஏற்றி மறுபடி இறக்க முடியுமா என்று கேளுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் மெசேஜுக்கு மெட்டாவுக்குக் கட்டுகிற காசு இதில் சேராது, அது தனி.

மேக்கில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். அங்கே "புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா" என்று எட்டிப் பார்ப்பதும் ஒரு எண்ணிக்கை. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் ஒரு நாளைக்கு 96. இலவசத் திட்டத்தில் மாதத்துக்குக் கிடைப்பது 1,000, அப்படியென்றால் ஒரு உறுப்பினர்கூடச் சேராமலே பதினோராம் நாள் தீர்ந்துவிடும். இதற்கு மருந்து வெப்ஹூக், அதாவது நடுவில் இருப்பவன் போய்ப் போய்ப் பார்க்காமல், மாற்றம் நடந்ததும் சைட்டே தகவல் தள்ளிவிடுவது. உங்கள் சைட்டின் சாப்ட்வேரில், இப்போது நீங்கள் கட்டுகிற பிளானிலேயே, வெப்ஹூக் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அதற்கு ஒரு பிளான் ஏற்றம், அந்தச் செலவு கொட்டேஷனில் இருக்காது.

பணம் கட்டுவதிலும் ஒரு சிக்கல். வெளிநாட்டுச் சேவை டாலரில் பில் போடும், வங்கி அதற்கு மேல் மாற்றுக் கட்டணம் பிடிக்கும். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் மாதாமாதம் தானாகப் பிடிக்க இ-மேண்டேட் என்ற முன் அனுமதிப் பதிவு வேண்டும், அது சரியாக அமையாவிட்டால் பணம் போகாது, பிளான் நின்றுவிடும், இணைப்பும் சத்தமில்லாமல் நின்றுவிடும். எனவே ரூபாயில் கட்டக்கூடிய சேவை கிடைத்தால் அதையே எடுங்கள், வெளிநாட்டுச் சேவைதான் என்றால் வருஷச் சந்தாவாகக் கட்டிவிடுங்கள். பிழை வந்தால் போகிற மெயில் கம்பெனிக்கு மட்டும் போகாமல் சங்கத்து மெயிலுக்கும் வரும்படி வைக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது கணக்கு யார் பெயரில் என்பது. பல கம்பெனிகள் தங்களுடைய ஒரே அக்கவுன்டில் பத்து வாடிக்கையாளர்களின் இணைப்பையும் ஓட்டுகிறார்கள். நாளைக்கு அவர்களோடு மனஸ்தாபம் வந்தால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அதோடு ஒவ்வொரு ஓட்டத்திலும் என்ன தகவல் போனது என்று அந்த அக்கவுன்டில் பதிவு நிற்கும், அதாவது 600 வியாபாரிகளின் போன் நம்பரும் அங்கே கிடக்கும். சங்கத்து மெயிலில் கணக்கைத் திறங்கள், அவர்களை வேலை செய்ய மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆதார் நகல் மாதிரி எதையும் இந்தப் பாதையில் அனுப்பவே வேண்டாம்.

இப்போது ரேட். இரண்டு ஒரு வழிப் பாதைக்கு மட்டும் 65,000 என்றால் என் கணக்கில் அதிகம். பழைய 600 வரியையும் சரிபார்த்து, இரட்டைப் பெயர்களை நீக்கி, ஐடி போட்டுத் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் பரவாயில்லை, ஏனென்றால் உழைப்பே அதில்தான் இருக்கிறது. வருஷ 18,000-க்குள் சேவைச் சந்தா அடங்குமா என்று கேளுங்கள், அடங்காது என்றால் பேரம் பேசுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காமல் கொஞ்சத்தை ஒரு புதுப்பிப்புச் சீசன் ஓடி முடியும்வரை பிடித்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு தம்பி என்எய்ட்என் என்ற சாப்ட்வேரை இலவசமாகவே போட்டுத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: தம்பி சொல்வது சரிதான், அதுவும் ஜாப்பியர் மாதிரி நடுவில் உட்கார்ந்து தகவலைக் கடத்துகிற சாப்ட்வேர்தான், அதை உங்கள் சொந்த சர்வரில் போட்டுக்கொண்டால் சாப்ட்வேருக்குக் காசில்லை, எண்ணிக்கைத் தொல்லையும் இல்லை. ஆனால் சர்வருக்கு மாத வாடகை உண்டு, அப்டேட், பேக்கப் எல்லாம் ஒருவர் பார்க்க வேண்டும். தம்பிக்கு பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால் அதை யார் பார்ப்பது என்பதற்குப் பதில் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் சின்ன பிளான் ஒன்றைக் காசு கொடுத்தே எடுங்கள்.

கேள்வி: இதே மாதிரி வேலைக்கு முழுப் பணமும் வாங்கிவிட்டு பாதியில் போனை எடுக்காமல் இருக்கிறார் ஒருவர். நாங்கள் பதிவு செய்த சங்கம். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "நபர்" என்பதில் சங்கங்களும் அடங்கும். ஆனால் வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதாடும், உங்கள் சங்கம் லாபத்துக்கு நடப்பதல்ல என்று காட்ட விதிமுறைப் புத்தகத்தைக் கையில் வைத்திருங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள், அங்கே முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் கேட்கிற நீதிமன்றம் அதுதான். 5 லட்சம் வரையிலான பணத்துக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த 2 வருஷத்துக்குள் போக வேண்டும். பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், கொட்டேஷன், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இன்றே பிரின்ட் எடுத்துவிடுங்கள், அவர் மெசேஜ்களை அழிப்பதற்கு முன்.